அயல் வீட்டுத் துட்டியில் பாடிய பாட்டு

என் தம்பி பெண்டாட்டிக்கு நல்ல குரல் என்று சொன்னால் யாரும் கச்சேரியை நினைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டில் அவள் பேசுவது பக்கத்தில் இருப்பவளுக்கே கேட்காது. ஆனால் துட்டி வீட்டில் உட்கார்ந்து வாயைத் திறந்தாள் என்றால், தெருமுனையில் பீடி குடித்துக்கொண்டு நிற்கிற ஆண்கள் துண்டை எடுத்து முகத்தைத் துடைப்பார்கள். சாவு வீட்டைத்தான் எங்கள் தென்காசிப் பக்கம் துட்டி வீடு என்போம்.

அழுவதற்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டுக்கொள்வோம். ஒருத்தி அடி எடுத்துக் கொடுப்பாள். மற்றவர்கள் அதன் கடைசியைத் திருப்பிச் சொல்லி அழுவார்கள். எடுத்துக் கொடுப்பவள் நன்றாகப் பாடினாலும் சரி, உளறினாலும் சரி, திருப்பிச் சொல்லியாக வேண்டும். பதில் சொல்லாமல் அடியை அந்தரத்தில் விட்டால் செத்தவருக்கு ஆகாது என்பார்கள். இதெல்லாம் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து தெரியும். எனக்குத் தெரியாதிருந்தது, தம்பிக்காக அழ வேண்டி வரும் என்பதுதான்.

அவன் என்னைவிட ஐந்தாறு வயது இளையவன். அப்பா போன பிறகு அம்மாவுக்கு அவன்தான் எல்லாம். யுத்தம் தொடங்கி பட்டாளத்துக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்த சமயம், சாரலில் குளித்துவிட்டு வருகிறேன் என்று கூட்டாளிகளோடு குற்றாலத்துக்குப் போனவன், திரும்பும் வழியில் பெயர் கொடுத்துவிட்டு ஈரத்தலையோடு வந்து நின்றான். அப்போது அவனுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிறைந்திருக்கவில்லை. இவ்வளவு பெரிய விஷயத்தைத் தலையைத் துவட்டிக்கொண்டா சொல்ல வேண்டும் என்று நான் கத்தினேன். அவன் சிரித்தான். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற பயல்.

கப்பல் ஏறி மலேயாவுக்குப் போனான். இரண்டு கடுதாசி வந்தது. பிறகு சிங்கப்பூர் விழுந்துவிட்டது என்று கடைவீதியில் பேசிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஒரு தந்தி வந்தது. தபாலாபீஸ்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "செத்துட்டான்னு போடல. காணலன்னுதான் போட்டிருக்கு" என்றார். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆட்டக் காணலன்னா தேடமாட்டமா? காணலன்னா தேடட்டும். சர்க்காருக்கு ஆளா இல்ல?" என்று அவரிடமே சண்டைக்குப் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் என்னையும் தம்பி பெண்டாட்டியையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னாள். "இந்த வீட்டுல ஒருத்தி கண்ணுல தண்ணி வரப்படாது. அழுதா அவன் செத்துட்டான்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். கேட்டுக்கிட்டியளா?"

என்னை விடுங்கள். நான் அதே தெருவில் நாலு வீடு தள்ளி வாழ்க்கைப்பட்டவள், என் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதுகொள்ளலாம். அப்படியும் எனக்கு அழுகை வரவில்லை, அது வேறு கதை. தம்பி பெண்டாட்டிக்கு அந்த அடுப்படியும் இல்லை. அம்மா சாயங்காலமானால் பூக்காரியை நிறுத்தி முழம் வாங்கி, தன் கையாலேயே மருமகள் தலையில் வைப்பாள். பொட்டு சரியாக இருக்கிறதா என்று மோவாயைப் பிடித்து நிமிர்த்திப் பார்ப்பாள். அவளும் தலையைக் குனிந்து காட்டிவிட்டுப் போவாள். கொடுமைக்காரி என்று அம்மாவைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்தப் பூ வைக்கிற நேரத்தில் நான் அங்கே இருக்காமல் பார்த்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு முழங்காலில் வாதம். சொந்தபந்தத்தில் துட்டி என்றால் எங்கள் இருவரையும்தான் அனுப்புவாள். வீட்டு முறைக்குப் போய்த்தானே ஆக வேண்டும். சுந்தரபாண்டியபுரத்தில் தூரத்து உறவில் ஒரு கிழவர் இறந்துபோனார். பேரன் பேத்தி எடுத்து, கொள்ளுப்பேரனையும் மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு, வயதாகிப் போனவர். கல்யாணச் சாவு. பிள்ளைகள் கொட்டு வைத்திருந்தார்கள். வெளியே ஆண்கள் துண்டைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தார்கள். உள்ளே நாங்கள் வட்டம் போட்டோம். எடுத்துக் கொடுக்கிறவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. யாரோ தம்பி பெண்டாட்டியை இடித்து, "நீ பாடுட்டி" என்றார்கள்.

அவள் முதலில் வழக்கமாகப் பாடுவதைத்தான் பாடினாள். வயலையும் வரப்பையும் சொன்னாள். மாட்டைச் சொன்னாள். நாங்களும் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தோம். பிறகு அவள் குரல் ஒரு படி இறங்கியது.

"கப்பலுக்குப் படியெத்தன கால்வச்சு ஏறினீரே, ராசாவே
திரும்பிவரும் படியிலதான் தெய்வம் வந்து மறிச்சிருச்சோ"

"மறிச்சிருச்சோ" என்று எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன். வாய் தானாகச் சொன்னது. அடுத்த அடி வருவதற்குள் எனக்கு உறைத்தது. இந்தக் கிழவர் செங்கோட்டையைத் தாண்டி மலைக்கு அந்தப் பக்கம்கூடப் போனதில்லை. இவர் எந்தக் கப்பலைக் கண்டார்?

"உப்புத்தண்ணிக் கரையினிலே உம்மத் தேட ஆளுமில்ல, ராசாவே
உள்ளூருத் தண்ணி எனக்கு உள்நாக்கில எறங்கலையே"

ராசாவே என்று யாரை வேண்டுமானாலும் பாடலாம். பெற்றவரைப் பாடலாம், மாமனாரைப் பாடலாம், பாட்டனைக்கூடப் பாடலாம். அதனால் தாலியையும் பூவையும் சொல்லாத வரைக்கும் அவள் பிடிபட மாட்டாள். அதையெல்லாம் கவனமாகத் தவிர்த்துவிட்டுத்தான் பாடிக்கொண்டிருந்தாள். "எறங்கலையே" என்று நான் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. தந்தி வந்த நாளிலிருந்து வராத அழுகை. கிழவர் வீட்டுப் பெண்களே திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அழுதேன். அந்தக் குடும்பத்தோடு எங்களுக்கு இவ்வளவு ஒட்டுதலா என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

திரும்பும்போது வண்டியில் நாங்கள் இரண்டு பேர்தான். வண்டிக்காரன் மாட்டோடு பேசிக்கொண்டு வந்தான். நான் மெதுவாகக் கேட்டேன்.

"யாருக்குட்டி பாடுன?"

அவள் வெளியே பார்த்தாள். "கேட்டுட்டியளா மதினி?"

"செவிடா நான்?"

"அத்தைட்ட சொல்லப் போறியளா?"

"நீ அழுதது ஒம் மாப்பிள்ளைக்கு. நான் அழுதது எந்தம்பிக்கு. இதுல அவகிட்டச் சொல்ல என்ன இருக்கு? மூஞ்சியத் தொடச்சிட்டு வா, கண்ணு சிவந்திருக்கு."

அதற்குப் பிறகு துட்டி என்று ஆள் வந்தால் எங்கள் இருவருக்கும் உள்ளுக்குள் ஒரு பரபரப்பு. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஊரில் யாராவது சாகமாட்டார்களா என்று இருந்தோம் என்றுதானே அர்த்தம். ஆனால் அது எங்களோடு நிற்கவில்லை. பெண்களுக்கு இந்த மாதிரி விஷயத்தில் காது அதிகம். எங்கள் தெருவிலேயே, பட்டாளத்துக்குப் போன மகனைக் காணாத ஒருத்தி இருந்தாள். அவள் வந்து வட்டத்தில் எங்கள் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார ஆரம்பித்தாள். கீழத்தெருவிலிருந்து, புருஷனைக் காணாத ஒருத்தி. செங்கோட்டையிலிருந்து, அக்கா மாப்பிள்ளையைக் காணாத ஒருத்தி. எந்த வீட்டுப் பிணத்துக்கு யார் அழுகிறார்கள் என்று கேட்காமல், கப்பலும் கடலும் வருகிற அடிக்காகக் காத்திருந்து, வந்ததும் சேர்ந்து அழுவோம்.

ஒரே ஒரு வீட்டில்தான் ஒருத்தி கேட்டாள். "எங்க மாமா எந்தக் கப்பல்ல ஏறுனாவ?"

செத்தவரின் மனைவி, அந்தக் கிழவி, புருஷன் தலைமாட்டில் உட்கார்ந்தபடியே மருமகளை அதட்டினாள். "சும்மா கெட. அவ அழட்டும். ஒம் மாமாவுக்கு அதுனால என்ன கொறஞ்சு போவுது?"

அந்தப் பெரிய மனுஷிக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்வேன்.

இது எத்தனை காலம் நடந்திருக்குமோ, அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன் அச்சன்புதூரில் இறந்துபோனார். அண்ணன் என்பதால் அம்மா வாதத்தைப் பார்க்காமல் கிளம்பிவிட்டாள். வண்டியில் போகும்போதே தம்பி பெண்டாட்டியின் காதோடு சொன்னேன், "இன்னைக்கு நீ வாயத் தொறக்காத." அவளும் தலையாட்டினாள். ஆனால் வட்டம் போட்டதும் சுற்றியிருந்தவர்கள் விடவில்லை. அவள் பாட்டுக்குத்தான் அந்தப் பக்கம் பேர் வந்துவிட்டதே. அம்மாவே, "எங்கண்ணனுக்குப் பாடுட்டி" என்றாள்.

மாமாவுக்குத்தான் பாடினாள். நல்ல மனுஷர், பாட விஷயம் நிறைய இருந்தது. நான் மூச்சு விட்டேன். பிறகு அவள் கண்ணை மூடினாள். கண்ணை மூடினால் அடுத்து யாரைப் பாடுவாள் என்று எனக்குத் தெரியும்.

"அருவிக்குக் குளிக்கப் போயி அக்கரைக்குப் போனவரே, ராசாவே
ஈரத்தல துவட்டவந்தேன், இங்கன ஒரு தலையக் காணோம்"

வட்டத்தில் இருந்த பாதிப் பேர் "தலையக் காணோம்" என்று சொன்னார்கள். மற்றவர்கள் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா எழுந்தாள். முழங்கால் வலிக்காரி எப்படி அவ்வளவு சடுதியில் எழுந்தாள் என்று தெரியவில்லை. வட்டத்தைத் தாண்டி வந்து மருமகள் கொண்டையைப் பிடித்தாள். தானே வைத்துவிட்ட பூ கையோடு வந்தது.

"உசுரோட இருக்கவன ஒவ்வொரு ஊரா போயிக் கொல்லுதியாட்டி? எத்தன நாளாட்டி கொல்லுத?"

அவள் தலையை விடுவித்துக்கொள்ளக்கூட இல்லை. நான்தான் அம்மாவின் கையைப் பிரித்தேன். எனக்கும் ஒரு அறை விழுந்தது. கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்றவள் என்றுகூடப் பார்க்கவில்லை. அண்ணனைக் கடைசிவரை இருந்து அனுப்பாமலேயே அம்மா எங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

அதோடு அவளுக்குத் துட்டி வீட்டுப் படி மிதிக்கத் தடை. அழுகிற இடம் போனதும் அவள் பேச்சும் போய்விட்டது. கேட்டால் பதில் சொல்வாள், அவ்வளவுதான். உடம்பு வற்றிக்கொண்டே வந்தது. சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு பிசைந்துகொண்டிருப்பாள். அவளும் போய்விடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். "மகனத் தேடுத சரி. இங்கன ஒருத்தி கண்ணுக்கு முன்னால போய்க்கிட்டு இருக்கா, அவளத் தேடுதியா?" அம்மா பூக்காரியைக் கூப்பிட எழுந்து போனாள். என்ன செய்வது என்று தெரியாமல் நான் வீட்டுக்கு வந்து என் பிள்ளைகளை அடித்தேன்.

அந்த வருஷம் சாரல் தொடங்கியதும், சீசனுக்குக் குற்றாலத்தில் வந்து தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி, பட்டாளத்துக்கு ஆள் கொடுத்த குடும்பங்களை எல்லாம் ஒரு கூட்டத்துக்கு அழைத்திருந்தார். தலையாரி வீடு வீடாக வந்து சொல்லிவிட்டுப் போனான். சர்க்கார் தேடிக் கண்டுபிடித்துவிட்டது, அதைச் சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். மருமகளுக்குப் பட்டுச் சேலை உடுத்தி, நகை போட்டு, ஏதோ பெண் அழைக்கப் போவது மாதிரி கூட்டிக்கொண்டு வந்தாள்.

பங்களா முன்னால் பெஞ்சு போட்டிருந்தார்கள். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அதிகாரி பேசினார், ஒருவர் தமிழில் சொன்னார். எங்களுக்குப் பாதி புரியவில்லை. பிறகு எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார்கள். சிப்பாய் ஒருவன் முன்னால் வந்து ஊதுகுழலை எடுத்து ஊதினான். நீளமாக இழுத்து, மேலே போய், அங்கேயே நின்று, இறங்கியது. அதில் சொல் ஒன்றும் இல்லை. யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, யார் மகன், எந்த ஊர் என்று இல்லை. தம்பி பெண்டாட்டி அதைக் கேட்டுக்கொண்டு உதட்டைக் கடித்தபடி நின்றாள். ஊதி முடித்ததும் ஒருவரும் அசையவில்லை. தூரத்தில் அருவிச் சத்தம் மட்டும் கேட்டது.

அம்மா என்னிடம் கேட்டாள். "ஏன் எல்லாரும் சும்மா நிக்காவ?"

"மரியாதைம்மா. பேசாம நில்லு."

"யாருக்கு?"

"செத்தவியளுக்கு" என்றேன்.

அம்மா மருமகளின் கையைப் பிடித்தாள். "வாட்டி போவோம். நாம வர வேண்டிய எடம் இது இல்ல."

அத்தனை பேரும் தலை குனிந்து நிற்க, அந்த இரண்டு பேர் மட்டும் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து போனார்கள். கல் பாவிய தரையில் மருமகள் கால் மெட்டி ஒவ்வொரு அடிக்கும் சத்தம் போட்டது. அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

யுத்தம் முடிந்தது. ஜப்பான்காரனிடம் சிறைப்பட்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்ப ஆரம்பித்தார்கள். கீழத்தெருக்காரியின் புருஷன் வந்துவிட்டான், எலும்பும் தோலுமாக. அம்மா அவன் வீட்டுக்குப் போய், அவனைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். எங்கள் வீட்டு வாசலில் தினமும் இரண்டு வேளை தண்ணீர் தெளித்துக் கோலம் போட வைத்தாள்.

ஒரு நாள் மத்தியானம் புளியங்குடியிலிருந்து ஒருவன் வந்தான். பட்டாளத்தில் தம்பியோடு ஒரே கம்பெனியில் இருந்தவன். சிறையிலிருந்து வந்து, உடம்பு தேறி, நடக்க முடிந்ததும் தேடி வந்திருக்கிறான். உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை.

"ஆச்சி, ஒங்க மவனுக்கு மண்ணு தள்ளுனது நான்தான். அதச் சொல்லணும்னுதான் வந்தேன்."

அம்மா அவனையே பார்த்தாள். "மொகத்தப் பாத்தியா?"

"பாத்தேன் ஆச்சி. அவந்தான்."

"எப்ப?"

"சிங்கப்பூர் விழுறதுக்கு முந்தியே. நாங்க பின்வாங்கி ஓடியாந்துக்கிட்டு இருந்தோம். ஆத்துப் பாலத்துகிட்ட மேலருந்து குண்டு போட்டான். அங்கனயே ரப்பர் தோட்டத்துல குழி வெட்டி வச்சோம்."

தந்தி வருவதற்கு முன்னாலேயே. அம்மா வாங்கிய முதல் முழம் பூவுக்கு முன்னாலேயே அவன் மண்ணுக்குள் போயிருந்தான். அது எனக்கு எட்டிய மாதிரியே அம்மாவுக்கும் எட்டியிருக்க வேண்டும். ஆனால் அவள் கேட்டது வேறு.

"யாராவது அழுதியளாப்பா?"

அவன் தரையைப் பார்த்தான். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "அழ நேரமில்ல ஆச்சி. வச்சிட்டு ஓடிட்டோம்."

அம்மா அப்படியே சுவரில் சாய்ந்தாள். "அழாமப் போயிட்டானே. ஒருத்தர் அழாம போயிட்டானே எம்புள்ள. நானும் அழ விடலையே." இதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். மகன் செத்தான் என்பதைவிட அதுதான் அவளை உலுக்கியது.

தம்பி பெண்டாட்டி அடுப்படியிலிருந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவள் தானாகப் பேசியது அன்றைக்குத்தான். "அழாமப் போகல அத்தே. சுந்தரபாண்டியபுரத்துல அழுதோம். அச்சன்புதூர்ல அழுதோம். போன ஊரெல்லாம் அழுதோம். மதினியும் அழுதாவ. ஊர்ப் பொம்பளைய எல்லாம் சேந்து அழுதாவ. அவியளுக்கு ஒரு கொறையும் வைக்கல."

அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

செய்தி பரவி, பொழுது சாயும் நேரத்துக்குள் பெண்கள் வந்துவிட்டார்கள். பிணம் இல்லாததால் வீட்டு நடுவில் ஒரு விளக்கை ஏற்றி வைத்து, அதைச் சுற்றி வட்டம் போட்டோம். மகனைக் காணாதவள் வந்தாள். செங்கோட்டைக்காரியால் மறுநாள்தான் வர முடிந்தது. எல்லோரும் தம்பி பெண்டாட்டியைப் பார்த்தார்கள். அம்மாவும் பார்த்தாள். "பாடுட்டி. இப்பப் பாடு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். "எங்கிட்ட இருந்ததெல்லாம் பாடிட்டேன் அத்தே. இனி ஒண்ணுமில்ல. நீங்க எடுத்துக் குடுங்க. நான் திருப்பிச் சொல்லுதேன்."

அம்மா ஒரு நாளும் எடுத்துக் கொடுத்தவள் இல்லை. அப்பா செத்தபோதுகூட அடுத்தவர்கள் பாட, திருப்பிச் சொல்லித்தான் அழுதாள். அவளுக்கு அடி கட்டத் தெரியாது. விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள். வெளியே மாடுகள் திரும்பும் சத்தம் கேட்டது. தெருவில் யார் வீட்டிலோ பிள்ளைகளை உள்ளே வரச் சொல்லிக் கத்தினார்கள். அம்மா திடீரென்று வாசல் பக்கம் திரும்பி, தெருவுக்குக் கேட்கிற குரலில் கூப்பிட்டாள்.

"ஏலே, பொழுது அடஞ்சிட்டுலே. சோறு ஆறுது. வந்து சாப்பிடுலே."

ராகம் இல்லை. பாட்டே இல்லை. வட்டத்தில் ஒருவருக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆனால் எடுத்துக் கொடுத்ததை அந்தரத்தில் விடக்கூடாதே. முதலில் தம்பி பெண்டாட்டிதான் சொன்னாள், "வந்து சாப்பிடுலே" என்று. தான் ராசாவே என்று பாடிய புருஷனை அவள் ஏலே என்று கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான். பிறகு நான் சொன்னேன். பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

அம்மா மறுபடியும் கூப்பிட்டாள். வேறு வார்த்தை அவளுக்கு வரவில்லை. ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டுவிட்டு, வாசலைப் பார்த்துக்கொண்டு பதிலுக்காகக் காத்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் நாங்கள்தான் பதில் சொன்னோம்.